பாட்டோடு பேரையும் எழுது

நோட்டன் பிரிட்ஜ்,
ஆனி மாதம்.

என் அருமை மருமகளுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீயாக வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாயே. உன் அம்மாவின் போனுக்கு ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டால் உன் கடமை முடிந்தது. அவள் கொழுந்து மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் என்னிடம் வந்து, "அண்ணே, இதுல சாப்பிட்டேன்னு இருக்கா, சாப்பிடலேன்னு இருக்கா?" என்று கேட்கிறாள். எத்தனையோ பிள்ளைகளின் கோழிக்கிறுக்கலை வாசித்துப் புள்ளி போட்ட வாத்தியார் நான். இந்தப் பொம்மையை வாசிக்க எனக்குப் படிப்புப் போதாது.

மழை விட்டபாடில்லை. விமலசுரேந்திர நீர்த்தேக்கம் நிரம்பி வழிகிறது. கெசல்கமு ஓயா இரைகிற இரைச்சலில் இஸ்தோப்பில் இருந்து பேசினால் உள்காம்பராவில் இருப்பவருக்குக் கேட்காது. உங்கள் மட்டக்களப்பில் வெயில் மண்டையைப் பிளக்கும். குடை பிடித்துக்கொண்டு போ. குடை பிடித்தால் கலைஞரின் மவுசு குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

போன கிழமை போனில் இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, நீ தப்புச் செட்டோடு மேடையேறிப் பாடிய வீடியோவைப் பார்த்துவிட்டு உன் பெரியப்பா, "பொம்பளப் புள்ள தப்புக்காரங்களோட நின்னு பாடுறதா" என்று குதித்தார் என்று. இரண்டாவது, "கலைன்னா கட்டே இருக்கக் கூடாது மாமா. கொப்பி, கணக்கு, நேரம் எல்லாம் உங்க பள்ளிக்கூடத்துக்கு" என்று. முதல் விஷயத்தில் நான் உன் கட்சி. பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் கோபம் ஒரு பிளேன்டீ ஆறுகிற நேரம்தான். இரண்டாவதில்தான் எனக்கு உன்னோடு வழக்கு இருக்கிறது. போனில் வழக்குப் பேசினால் "சிக்னல் இல்ல மாமா" என்று நழுவிவிடுவாய் என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

கட்டில்லாமல் பாடிய ஒரு பெண்ணைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் ஊர்ப் பக்கம்தான், ஹட்டன். பெயர் மீனாட்சியம்மாள். கோ. நடேசய்யரின் துணைவியார் என்று புத்தகங்களில் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள், நீ தாண்டாதே. நடேசய்யர் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்து, கொழும்பில் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கி, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். 1936இலிருந்து ஹட்டன் தொகுதிக்குச் சட்டசபை உறுப்பினர். பத்திரிகை வேலையிலும் சங்க வேலையிலும் அந்த அம்மாள் பக்கத்தில் நின்று பெயருக்குத் துணை செய்தவர் அல்ல. பத்திரிகையில் எழுதினார், கூட்டங்களில் பாடினார்.

அந்தக் காலத்துக் கூட்டம் எப்படி நடந்தது தெரியுமா? தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்க முடியாது. அத்துமீறி நுழைந்தான் என்று துரை வழக்குப் போட்டுவிடுவார். நடேசய்யரே புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போய்ப் பார்த்துவந்தார் என்று சொல்வார்கள். ஆகவே கூட்டம் என்றால் தோட்டத்துக்கு வெளியே, ரோட்டோரம், கடைவீதி. சம்பள நாள், சந்தை நாள் பார்த்து நிற்க வேண்டும். யார் நின்று கேட்பார்கள்? அரிசி, கருவாடு வாங்கிக்கொண்டு, இருட்டுமுன் லயம் போய்ச் சேர வேண்டும் என்று ஓடுகிற சனம். அந்தச் சனத்தை நிறுத்தியது அம்மாளின் பாட்டு. பாட்டு முதலில், பேச்சு பிறகு. சனத்துக்கு ஏற்கெனவே பழக்கமான மெட்டிலே புதுச் சொல்லைப் போட்டுப் பாடினார். எழுத்துத் தெரியாதவரும் கேட்டதைப் பிடித்துக்கொள்ளலாம், மறுநாள் கொழுந்தெடுக்கும்போது நிரையில் நின்றபடியே முணுமுணுக்கலாம். நோட்டீசைக் கங்காணி பிடுங்கிக் கிழித்துப் போடலாம். வாயில் இருக்கிற பாட்டை எப்படிப் பிடுங்குவது?

அவர் பாட வந்த காலத்தின் கணக்கையும் தெரிந்துகொள். 1929இல் குறைந்தபட்சச் சம்பளம் என்று முதன்முதலாகச் சட்டப்படி வைத்தபோது, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கூடை சுமந்து கொழுந்தெடுத்தது பெரும்பாலும் பெண்கள், குறைந்த சம்பளமும் அவர்களுக்கே. பிறகு உலகச் சந்தையில் தேயிலை விலை விழுந்ததும் அந்த 43இலும் கை வைத்தார்கள். 1939இல் அரசாங்கத்தில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தத் தொடங்கினார்கள். நேரு இலங்கைக்கு ஓடிவந்ததும் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்ததும் அந்த வருஷ யூலையில். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம், பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் விழுந்தார். அதே 1940இல் மீனாட்சியம்மாள் தம் பாட்டுகளைச் சேர்த்து 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டார்.

தலைப்பைப் பார்த்தால் ஏதோ அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கிறது என்று நீ சிரிப்பாய். உன் பாட்டுக் குழுவுக்கு நீ வைத்த பெயரைவிட இது பரவாயில்லை, போ. நான் சொல்லவந்தது வேறு. ரோட்டோரம் நின்று பாடியபோது அவரைவிடச் சுதந்திரமான ஆள் இந்த மலையில் இருந்திருக்க முடியாது. ஊர் என்ன சொல்லும், துரை என்ன செய்வான், சாதிசனம் முகம் சுளிக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வாயே திறக்க வராது. அதே ஆள்தான் வீட்டுக்கு வந்து பாட்டை எழுத்தாக்கி, தலைப்புப் போட்டு, தம் பெயர் போட்டு அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் குரலைக் காதால் கேட்டவர் நம் லயத்தில் இன்று யாரும் இல்லை. ஆனால் 1940இல் ஹட்டன் பக்கம் ஒரு பெண் இன்னின்னதைப் பாடினாள் என்று யாரும் மறுக்க முடியாது. பின்னால் சாரல்நாடன் போன்றவர்கள் நம் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தபோது அந்தப் புத்தகம் சாட்சியாகக் கிடைத்தது. எட்டு வருஷம் கழித்து, 1948இல், குடியுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. சட்டம் வந்த பிறகு எழுதிய ஒப்பாரி அல்ல அது, வருமுன் சொன்ன பாட்டு. தேதி இருப்பதால்தானே அப்படி அடித்துச் சொல்ல முடிகிறது?

இப்போது புரிகிறதா, கொப்பி என்பது எதற்கு என்று?

இன்னொருவர் சி.வி. வேலுப்பிள்ளை. உனக்கு ஓ.எல். தமிழ்ப் பாடத்துக்கு நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்த அதே சி.வி. 1914இல் பூண்டுலோயாவுக்குப் பக்கத்தில் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயதுகூட நிறையாத இந்தத் தோட்டத்துப் பையன் தான் எழுதிய நாடகம் ஒன்றைக் கொண்டுபோய் அந்தப் பெரியவர் கையில் கொடுத்தார். துணிச்சலைப் பார். ஆசிரியராக இருந்தார், 1947இல் தலவாக்கலைக்குப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார், ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். அந்தக் கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவந்த சக்தீ பால ஐயா கவிஞர், ஓவியரும்கூட. ஒரு கையில் தூரிகை, ஒரு கையில் பேனா. உன்னைப் போல எதையாவது கிறுக்கிக்கொண்டும் பாடிக்கொண்டும் திரிகிற பிள்ளைகள் நம் மலையில் எப்போதும் இருந்திருக்கிறார்கள், நீ முதல் ஆள் இல்லை. சும்மா சொல்லிவைக்கிறேன்.

சி.வி. செய்ததில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது, தான் எழுதியதை மட்டும் எழுத்து என்று நினைக்காமல், லயத்தில் கிழவிகள் பாடியதையும் உட்கார்ந்து கேட்டு எழுதியது. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது கங்காணியைக் கிண்டலடிக்கிற பாட்டு, கப்பலேறி வந்த கதை. அப்படிச் சேர்த்ததெல்லாம் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் புத்தகமாக வந்தது. அடுத்த வருஷமே அவர் காலமானார். 1983 நம் சனத்துக்கு என்ன வருஷம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலவரத்தில் வீட்டை எரித்தார்கள், கடையை எரித்தார்கள். அந்த வருஷம் அந்தப் பாட்டுகளுக்குத் தாளிலே ஓர் இடம் கிடைத்தது. கொஞ்சம் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள்ளே பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறதே, நினைவிருக்கிறதா? 1960களின் கடைசியில் அணை கட்டி மூழ்கடித்தது. கோடையில் தண்ணீர் வற்றினால் கோயில் மேலே வரும், விகாரை மேலே வரும். சின்ன வயசில் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நீ கோயிலைப் பார்க்காமல் மீன் கேட்டு அழுதாய். மூழ்கின கோயில் ஒருநாள் தலைகாட்டும். மூழ்கின பாட்டு எந்தக் கோடையிலும் மேலே வராது. கிழவி கண்ணை மூடினால் அதோடு சரி.

"போன்ல பிடிச்சு வெச்சிருக்கேன் மாமா" என்று நீ சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. போனில் பிடி, வேண்டாம் என்று சொல்லவில்லை. மெட்டைத் தாளில் எழுத எனக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். ஆனால் போன வருஷம் ஓயாக் கரையில் செல்பி எடுக்கிறேன் என்று போய், போனை ஓயாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தது யார்? அதில் பக்கத்து லயத்துப் பாட்டி பாடிய தாலாட்டு இருந்தது என்று நீதான் விம்மி விம்மி அழுதாய். நல்லவேளை, பாட்டி இன்னும் கெட்டி. மறுபடியும் பாடிக்கொடுத்தது. எல்லாப் பாட்டியும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு பழக்கம் சொல்கிறேன், செய்துகொள். பாட்டைக் கேட்ட அன்றைக்கே, தூங்கப் போகுமுன், கொப்பியில் எழுது. சொல்லை எழுது, அதற்குக் கீழே பாடியவர் பெயரை எழுது. வயது, தோட்டம், டிவிஷன், அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, எந்த நேரத்தில் பாடுவது, இவ்வளவும் எழுது. பழைய சேகரிப்புகளில் பாட்டு இருக்கும், பாடியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'மக்கள் பாடல்' என்று போட்டுவிடுவார்கள். மக்கள் என்றால் யார்? அதற்குள்ளே ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருந்தது. பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிட்டால்தான் நமக்குச் சம்பளம். பேர் விழாத நாள் வேலை செய்யாத நாள் என்று அர்த்தம். இருநூறு வருஷமாகப் பேர் விழுவதற்காக ஓடிய சனம் நாம். பாட்டிலாவது அந்தச் சனத்துக்குப் பேர் விழட்டும்.

2023இல் மலையகம் 200 என்று, நம் முன்னோர் வந்த பாதையிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அப்போது உனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! வழியில் பாட்டும் பறையும் கேட்டு எனக்கே கால் துறுதுறு என்றது. அந்த முதல் தலைமுறை நடந்து வந்தபோது காட்டில் விழுந்து செத்தவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கும் கிடையாது. அதை இனி நம்மால் எழுத முடியாது. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களின் பெயரை எழுத நமக்கு ஒரு தடையும் இல்லை.

இன்னும் ஒன்று. யாராவது "எந்த ஊர்" என்று கேட்டால் "ஹட்டன்" என்று சொல்கிறாயாமே. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நோட்டன் பிரிட்ஜ் என்று சொல். தெரியாதவர்களுக்குக் கதை சொல். 1918இலேயே விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். 1950இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது நம் ஓயாத் தண்ணீரில். கொழும்பு வெளிச்சமாவதற்கு நம் தண்ணீர் போனது, நம் லயத்தில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் குப்பி லாம்புதான் என்று சொல். ஏழு கன்னியர் மலையைச் சொல். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியப் பயணிகள் 182 பேரும் விமான ஊழியர் 9 பேரும் அந்த மலையில் விமானம் மோதி மாண்டார்கள். ஒருவர் மிஞ்சவில்லை. விமானத்தின் டயர் ஒன்றை இன்னும் நோட்டனில் வைத்திருக்கிறார்கள், நீ பஸ்ஸுக்கு நின்றபோது எத்தனை தரம் பார்த்திருப்பாய். அந்தக் காலத்தில் வாலிபராய் இருந்தவர்கள் இப்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்களிடம் போய் உட்கார். தம் ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில், நம் மலையில் செத்தவர்களுக்கு நம்மில் ஒருத்தி பாட்டுக் கட்டினால் தப்பில்லை. கட்டுமுன் கேள், கேட்டதை எழுது, எழுதியதைப் பாடு. வரிசையை மாற்றாதே.

கட்டில்லாமல் இருப்பதைப் பற்றிப் பேசினாயே, தப்புக்காரரை ஒருநாள் உற்றுப் பார். ஆட்டம் தொடங்கின பிறகு பார்க்காதே, தொடங்க முந்தி பார். நம் ஊர் ஈரத்தில் தோல் தொய்ந்துபோய் 'தொப்' என்று ஊமையாகக் கேட்கும். காய்ந்த தேயிலைக் கவ்வாத்துக் குச்சிகளைக் கொளுத்தி, தணலாகாமல் சுவாலையாக இருக்கும்போதே தப்பைச் சாய்த்துக் காட்டுவார். ஒரே இடத்தில் பிடிக்கமாட்டார், தோல் வெடித்துப்போகும். மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். நடுநடுவே எடுத்து விரல் மொளியால் ஒரு தட்டு. முகத்தைப் பார்த்தால் போதவில்லை என்று தெரியும். மறுபடியும் நெருப்பு. மறுபடியும் தட்டு. 'ணங்' என்று ஒரு சத்தம் வரும் வரைக்கும் யாரோடும் பேசமாட்டார். தண்ணி கேட்டால்கூடத் திரும்பமாட்டார். பிறகு இடக் கையில் நீளமான மெல்லிய குச்சி, வலக் கையில் குட்டையான தடித்த குச்சி. அதற்குப் பிறகு அவருக்குக் கட்டு உண்டா? ஊரே அவர் காலுக்குப் பின்னால் ஆடும். மழை தூறினால் மறுபடியும் நெருப்பைத் தேடிப் போவார். ஆட்டத்தில் நீ பார்க்கிற விடுதலை எல்லாம் அந்த நெருப்பு முன்னால் நின்ற நேரத்தில் சம்பாதித்தது.

தப்புக்காரர் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இதில் மட்டும் நான் கண்டிப்பு. சாவு வீட்டிலும் கோயிலிலும் அடிக்கவைத்து, சாராயத்தை ஊற்றி, ஒதுக்குப்புறமாய் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்புவதுதான் நெடுங்காலமாக நடந்தது. காலையில் பெரட்டுக்கு நம் சனத்தை எழுப்பியதும் அதே தப்பு, ஆனாலும் மரியாதை கிடையாது. உன் மேடையில் அது நடக்கக் கூடாது. பேசிய காசைக் கையில் கொடு, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நேரத்தில் கொடு. நோட்டீசில் 'குழுவினர்' என்று போடாதே, பேர் பேராய்ப் போடு. சாப்பாட்டுக்கு நீயும் அவர்கள் பக்கத்தில் உட்கார். இதற்குத்தான் கணக்குக் கொப்பி வேண்டும். கலைஞருக்குக் கணக்குத் தெரியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கணக்குத்தான் அவர்களுக்குத் தெரியாது, தமக்கு வரவேண்டியது சதம் தவறாமல் தெரியும்.

நீ போயிருக்கிற இடமும் நல்ல இடம். விபுலாநந்தர் பேரில் இருக்கிற நிறுவகத்தில் படிக்கிறாய். அவர் பழந்தமிழ் யாழைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டவர். கணிதம் தெரிந்த மனுஷர், சுருதியைக் கணக்காகப் போட்டுக் காட்டினார். உனக்குக் கணக்கு வராது என்று எனக்குத் தெரியும், ஆகவே அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிக்கொள். மட்டக்களப்பாரிடம் கூத்தைப் படி. அவர்களுடைய அண்ணாவிமார் மத்தளம் அடித்து ஆட்டம் பழக்கும்போது, பக்கத்தில் ஒருவர் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வரி தவறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்தும் ஆட்டமும் அங்கே கைகோத்து நிற்கும். அப்படி இருந்ததால்தான் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோக முடிந்தது. 'இராவணேசன்' ஆடிய மௌனகுருவின் பேர் அங்கே எல்லோருக்கும் தெரியும். நம் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அதற்குக் குறைந்ததில்லை. நம் கூத்து வாத்தியார்மாரின் கொப்பிதான் கூரை ஒழுக்கில் நனைந்துகொண்டிருக்கிறது.

குரலைப் பார்த்துக்கொள். பாட்டு இருக்கிற நாள் ஐஸ் போட்டதைக் குடிக்காதே. கொத்தமல்லி அவித்துக் குடி, அது கசப்பாக இருக்கிறது என்று மூஞ்சியைச் சுழிக்காதே. ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருந்தால்தான் பாட்டு வரும் என்பது பொய். உன் அம்மா விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக்கொண்டே பாடுகிற பாட்டைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை. உனக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? உன் கொப்பியின் முதல் பக்கத்தில் அவள் பேரை எழுது. வயது கேட்டால் இரண்டு வருஷம் குறைத்துச் சொல்வாள், திருத்தாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். அதில் என் சீ.ஆர். கொப்பி இருக்கிறது. பள்ளிக்கூடம் போய்வருகிற வழியில் கேட்டு எழுதிய ஒப்பாரியும் தாலாட்டும். பாதி இடத்தில் மை ஊறியிருக்கும், விளங்காவிட்டால் கேள். இரண்டு புதுக் கொப்பியும் வைத்திருக்கிறேன். ஒன்று பாட்டுக்கு, ஒன்று கணக்குக்கு. மாற்றி எழுதாதே. பெரியம்மா கொடுத்த கச்சான் அல்வாவைச் சிநேகிதிகளோடு பகிர்ந்து தின். தனியாகத் தின்றால் தொண்டைக்கு ஆகாது.

கடைசியாக ஒரு சேதி. வருகிற மாசியில் கீழ் டிவிஷனில் காமன் ஊன்றப் போகிறார்கள். ரதி வேஷம் வழக்கம்போல ஆம்பளைப் பையன்தான் கட்டுவான். ஆனால் மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற இடத்தை நீ பாட வேண்டும் என்று கூத்து வாத்தியாரிடம் கேட்டேன். பொம்பளப் புள்ளையா என்று அவர் கேட்கவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "பாட்டு முழுசும் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியும்" என்று சொல்லிவிட்டேன். மாசிக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. முதல் விடுமுறைக்கு வந்து அவர் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொண்டு போ. கீழே அவர் பேரைப் போட மறக்காதே. அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்றும் கேள்.

அன்புடன்,
மாமா